நெடுநாள் இடைவெளிக்குப் பிறகு மறுபடி வேலைக்கு: செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆள் எடுக்கும்போது முதலாளிகள் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள். அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு வருஷமோ எட்டு வருஷமோ வேலையில்லாமல் இருந்துவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இது.

பிள்ளை பிறந்ததால் வேலையை விட்டவர்கள், பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஊர் திரும்பியவர்கள், வளைகுடா ஒப்பந்தம் முடிந்து வந்தவர்கள், வருஷக்கணக்கில் அரசுத் தேர்வுக்குப் படித்தவர்கள், கடையை மூடியவர்கள், நோயில் கிடந்து எழுந்தவர்கள் எல்லோரும் என்னிடம் வந்திருக்கிறார்கள். காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஆனால் முக்கால்வாசிப் பேர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: வெளியே தலைகாட்டாமல் இருந்துவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் "இப்ப என்ன பண்றீக?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று போவதில்லை. கோயில் திருவிழாவுக்கும் போவதில்லை. இந்தப் பக்கம் வேலை பெரும்பாலும் விளம்பரத்தில் வருவதில்லை, ஆள் மூலமாகத்தான் வருகிறது. ஒளிந்துகொண்டால் அந்த வழியை நாமே அடைத்துவிடுகிறோம்.

இடைவெளி இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் லேவாதேவிக் கடைகளுக்குப் போன மேலாட்களும் (கடையை நடத்துபவர்கள்) அடுத்தாட்களும் (அவர்களுக்கு உதவியாட்கள்) மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வருவார்கள். இங்கே இருந்துவிட்டு மறுபடி புறப்படுவார்கள். 1942-ல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு வந்தவர்கள் நடு வயதில் புதிதாகத் தொடங்கினார்கள். வேலை விட்டுப்போனது ஒரு குற்றம் என்ற நினைப்பை முதலில் கீழே வையுங்கள்.

முதலில் ஐந்தொகை எடுங்கள்

யாரிடமும் கேட்பதற்கு முன்னால் ஒரு நோட்டில் உங்கள் ஐந்தொகையை, அதாவது வரவையும் பற்றையும் எதிரெதிரே வைக்கும் கணக்கை, எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் உங்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதுங்கள். பழைய வேலையில் செய்தது மட்டும் போதாது, இடைவெளியில் செய்ததும் வர வேண்டும். நான்கு வருஷம் படுக்கையில் இருந்த அப்பச்சியை (அப்பாவை)ப் பார்த்துக்கொண்டவருக்கு மருந்து நேரம் தவறாமல் கொடுக்கவும், ஆஸ்பத்திரி பில்லைச் சரிபார்க்கவும், காப்பீட்டுக்கு எழுதிப் போடவும் தெரியும். இரண்டு பேரன் பேத்திகளோடு பெரிய வீட்டை நிர்வகித்தவருக்கு சாமான் வாங்கவும் வேலையாட்களை நடத்தவும் தெரியும். விடுதிக்காரர்கள் தேடுவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

பற்றுப் பக்கத்தில் மாதம் தவறாமல் போகும் காசை எழுதுங்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், நகைக்கடன் வட்டி, சீட்டு, பஸ் செலவு எல்லாம். அதைக் கூட்டினால் எந்தச் சம்பளத்துக்குக் கீழே போக முடியாது என்பது தெரிந்துவிடும். அந்த எண்ணை மனதில் வையுங்கள், வெளியே சொல்ல வேண்டாம். கடைசியாக, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை வீட்டை விட்டு இருக்க முடியும் என்று நேர்மையாக எழுதுங்கள். இதை வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம் "சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட ஆள் இல்லை" என்று நின்றுபோனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

காகிதங்கள்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். வேலை கிடைத்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சம்பளம் போட முடியாமல் முதல் மாதமே சிக்கல் வரும்.

இரண்டு வருஷம் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத வங்கிக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். ஆதார், பான் நகலோடு கிளைக்குப் போய் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். பான் அட்டையை ஆதாரோடு இணைக்காமல் விட்டிருந்தால் அதுவும் முடங்கியிருக்கும். தாமதக் கட்டணம் 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. விலாசம் (பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்துகள்) நீளமான வீடுகளில் பள்ளிச் சான்றிதழில் மூன்று நான்கு எழுத்து இருக்கும், ஆதாரில் ஒன்று இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பி.எஃப். கணக்கில் பெயர் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் பி.எஃப். காரியம் நின்றுவிடும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆதாரில் உள்ளபடி மற்றதைத் திருத்துங்கள், அல்லது சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்துங்கள்.

முன்பு பி.எஃப். பிடித்த இடத்தில் வேலை பார்த்திருந்தால் உங்களுக்கு யூஏஎன் என்ற 12 இலக்க எண் இருக்கும். பழைய சம்பளச் சீட்டில் தேடுங்கள். புது வேலையில் அதே எண்ணைக் கொடுங்கள், புதிது போட விடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷச் சேவை வேண்டும். பழைய பென்ஷன் பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் அந்த வருஷங்களும் சேரும்.

ஓட்டுநர்கள் கவனிக்க: உரிமம் காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி ஏழு வருஷம் போய்விட்டதே என்று வருந்துபவர்கள் வருந்த வேண்டாம். 2021-ல் அந்தச் சான்றிதழை ஆயுள் முழுவதும் செல்லும்படி ஆக்கிவிட்டார்கள், 2011 முதல் தேறியவர்களுக்கும் அது பொருந்தும்.

வாயைத் திறந்து சொல்லுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினம், பலன் தருவதும் இதுவே. பதினைந்து இருபது பேரின் பெயரை எழுதுங்கள். கூடப் படித்தவர், பழைய மேலாளர், மளிகைக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், பிள்ளையின் ஆசிரியர், ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கும் உறவினர், கோயில் காரியக்காரர், ஊரில் நான்கு வீட்டுச் சமையலுக்குப் போகும் அக்கா என்று எல்லோரும் அதில் வரலாம். ஊரில் எந்தக் கடையில் ஆள் நின்றுபோனார் என்பது மருந்துக் கடைக்காரருக்கு முதலாளிக்கு முன்பே தெரியும்.

சொல்லும்போது மூன்று விஷயம் வர வேண்டும்: என்ன வேலை தெரியும், எப்போதிருந்து வர முடியும், எந்த ஊர் வரை போக முடியும். "எதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்கண்ணே" என்று பொதுவாகச் சொன்னால் கேட்டவருக்கு எதுவும் நினைவில் நிற்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"அண்ணே, நான் முன்னாடி ஜவுளிக் கடையில பில்லிங் பாத்தேன். பிள்ளை பள்ளிக்கூடம் போயிட்டான். வர்ற ஒண்ணாம் தேதியிலருந்து காலைல ஒன்பதரைக்கு வர முடியும். காரைக்குடிக்குள்ள எங்க இருந்தாலும் சரி."

பத்து நாள் கழித்து மறுபடி ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கு மேல் நச்சரிக்க வேண்டாம். ஆச்சி, அப்பச்சி வயதில் இருப்பவர்களிடம் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதை. வாட்ஸப்பில் அனுப்பினால் அவர்கள் பார்த்தாலும் மனதில் வைக்க மாட்டார்கள்.

எங்கே, எந்த மாதத்தில் கேட்பது

இங்கே வேலைக்குப் பருவம் உண்டு. அது தெரியாமல் மார்கழியில் சமையல் காண்டிராக்டரிடம் போய் நின்றால் "பாப்போம்" என்ற பதில்தான் கிடைக்கும்.

ஜவுளிக் கடைகள் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் ஆள் சேர்க்கும், ஆகவே ஆனியிலும் புரட்டாசியிலும் கேளுங்கள். பண்டிகைக்குத் தற்காலிகமாகச் சேர்ந்தவர்களில் கைசுத்தமும் நேரம் தவறாமையும் உள்ளவர்களைக் கடைக்காரர்கள் விடுவதில்லை. நாள் முழுக்க நிற்க வேண்டுமே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது.

கானாடுகாத்தான், கோத்தமங்கலம், காரைக்குடிப் பகுதிகளில் பழைய வீடுகளை விடுதிகளாக்கியிருக்கிறார்கள். ஐப்பசி முதல் மாசி வரை வெளிநாட்டு விருந்தினர் கூட்டம் இருக்கும். அதற்கான ஆள் ஆவணியிலேயே எடுக்கப்படுகிறது. அறைப் பராமரிப்பு, சமையல்கட்டு, வரவேற்பு, வாகனம் ஓட்டுவது, வீட்டைச் சுற்றிக் காட்டுவது என்று பல வேலை உண்டு. வளைகுடாவில் ஹோட்டலில் வேலை பார்த்து வந்தவர்கள் இங்கேதான் முதலில் போய்க் கேட்க வேண்டும். பேச்சு ஆங்கிலம் கொஞ்சம் இருந்தாலே பெரிய பலம்.

சமையல் காண்டிராக்டும் பலகாரமும் இந்த மண்ணின் தொழில். தை முதல் வைகாசி வரை முகூர்த்தங்கள் நெருக்கமாக வரும், ஆவணியில் மறுபடி வரும். தீபாவளிக்கு முன் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் சுற்றும் வீடுகளில் கை போதாது. நாள் கூலிதான், ஆனால் ஒரு பருவம் போனால் உடம்பும் பழகும், நாலு பேருக்கு முகமும் தெரியும். நெடுநாள் வீட்டிலேயே இருந்தவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

புதுவயல் அரிசி ஆலைகளில் கணக்கு, எடை, லோடு பார்க்கும் வேலை இருக்கும். ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூவேலைக் கல்) வார்ப்பது கைத்திறன். கண்ணாடி மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமென்ட் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்க வேண்டும். பழகாதவருக்கு முதலில் தூக்குவதும் அடுக்குவதும்தான் கிடைக்கும். முதுகு வலி உள்ளவர்கள், அறுவைச் சிகிச்சை முடித்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். தனியார் பள்ளிகள் சித்திரை, வைகாசியில் ஆள் எடுக்கும். ஆஸ்பத்திரிகளில் வருஷம் முழுக்க இடம் வரும்.

கணக்கு வேலைக்குத் திரும்புபவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். 2017 ஜூலைக்கு முன் விட்டவர்களுக்கு ஜிஎஸ்டியே புதிது. கணக்கு எழுதும் டேலி மென்பொருளில் 2020-ல் டேலி பிரைம் வந்து திரையே மாறிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டார்கள், இப்போது பெரும்பாலான பொருள்கள் 5 அல்லது 18-ல் வருகின்றன. ஒரு மாதம் யாராவது தெரிந்தவரின் அலுவலகத்தில் உட்கார்ந்து பில் போட்டுப் பழகிவிட்டு இன்டர்வியூவுக்குப் போங்கள். கணக்கின் அடிப்படை தெரிந்தவருக்கு அது போதும்.

அரசு வழிகள்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் சிவகங்கையில் இருக்கிறது. பதிவை இணையத்திலேயே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், விட்டால் பழைய பதிவு மூப்பு போய்விடும். அலுவலகம் நடத்தும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போய் வாருங்கள். முதல் முகாமிலேயே வேலை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், அந்நியர் முன்னால் உட்கார்ந்து பேசும் பழக்கம் திரும்ப வருவதற்கே அது உதவும்.

பதிவு செய்து ஐந்து வருஷம் தாண்டியும் வேலை கிடைக்காதவர்களுக்கு உதவித்தொகை உண்டு. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று வருஷத்துக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. தொகை சிறியதுதான், ஆனாலும் வேலை தேடும் பஸ் செலவுக்கு உதவும், விடாதீர்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட் இல்லை. பக்கத்து ஊரில் வேலை வந்தால் பயணச் செலவைக் கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துப் பாருங்கள்.

பயோடேட்டா

ஒரே பக்கம் போதும். மேலே பெயர், ஊர், கைபேசி எண். அடுத்து என்ன வேலை தெரியும் என்று நான்கு வரி. அதற்குப் பிறகு பழைய வேலைகள். இடைவெளியை மறைக்க வருஷங்களை இழுத்து நீட்டாதீர்கள். "2019 – 2024: குடும்பப் பொறுப்பு, தந்தையின் பராமரிப்பு" என்று ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வி பாதியாகக் குறையும். போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்களை அண்ட விடாதீர்கள். இந்த வட்டாரத்தில் ஒரு போன் போட்டால் உண்மை தெரிந்துவிடும், பிறகு அந்தத் தெருவில் எந்தக் கடைக்கும் போக முடியாது.

எதிரே உட்காரும்போது

"இந்த நாலு வருஷம் என்னம்மா பண்ணுனீங்க?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். பதில் மூன்று வாக்கியத்தில் முடிய வேண்டும்: காரணம், அது முடிந்துவிட்டது, இப்போது தயார்.

"எங்க அப்பச்சிக்குப் பக்கவாதம் சார், நான்தான் கூட இருந்து பாத்துக்கிட்டேன். போன வருஷம் தவறிட்டாங்க. இப்ப முழு நேரமும் வர முடியும்."

நோயில் இருந்தவர்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. "உடம்பு சரியில்லாம சிகிச்சையில இருந்தேன், டாக்டர் வேலைக்குப் போகலாம்னு சொல்லிட்டாங்க" என்றால் போதும். குடியை விட்டு மீண்டவர்களுக்கும் இதே பதில்தான், அதில் பொய் எதுவும் இல்லை. பழைய முதலாளியோடு சண்டை போட்டு வந்திருந்தால் அந்தக் கதையை எடுக்கவே வேண்டாம்.

அரசுத் தேர்வுக்குப் படித்தவர்களிடம் முதலாளிக்கு ஒரே பயம்தான்: ரிசல்ட் வந்ததும் போய்விடுவான். அதை நீங்களே எடுத்துப் பேசுங்கள். "ஒரு வருஷம் கண்டிப்பா நிப்பேன் சார், பரீட்சை அன்னிக்கு மட்டும் லீவு வேணும், முன்னாடியே சொல்லிடுவேன்" என்று சொன்னவரைத்தான் நான் சிபாரிசு செய்வேன். சொன்னால் நிற்க வேண்டும்.

சம்பளப் பேச்சில் "நீங்க பாத்துக் குடுங்க" என்று விட்டுவிடாதீர்கள். நெடுநாள் சும்மா இருந்தவர்கள் கூச்சத்தில் இப்படித்தான் சொல்கிறார்கள், பிறகு ஆறு மாதம் மனம் குமைகிறார்கள். அதே வேலைக்குப் பக்கத்துக் கடையில் என்ன தருகிறார்கள் என்று முன்பே விசாரித்து, அதைச் சொல்லுங்கள். குறைத்தால், "சரி சார், மூணு மாசம் என் வேலையைப் பாருங்க, அப்புறம் கூட்டிக் குடுங்க" என்று தேதி வைத்துப் பேசுங்கள். உங்கள் ஐந்தொகையில் குறித்த எண்ணுக்குக் கீழே போனால் நன்றி சொல்லி எழுந்து வாருங்கள்.

பணம் கேட்டால்

வேலைக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம், சீருடை டெபாசிட் என்று கேட்பவரிடம் வேலை இல்லை. வீட்டிலிருந்தே டைப் செய்யலாம், வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று கைபேசிக்கு வருபவை ஏமாற்று. காசு போய்விட்டால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், காட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி வெளிநாடு போக நினைப்பவர்கள், ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் என உச்சவரம்பு உண்டு. கம்போடியா, லாவோஸ், மியான்மரில் கணினி வேலை என்று அழைத்துப்போய், இணைய மோசடி செய்ய அடைத்துவைத்த கொடுமையில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் சிக்கினார்கள். சுற்றுலா விசாவில் வேலை என்றால் போகவே கூடாது.

சேர்ந்த பிறகு

நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளருக்கும் அதைத் தரச் சொல்கின்றன. சிறிய கடைக்காரருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. சம்பளம், நேரம், வார விடுமுறை மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினாலும் சரி. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனம் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) வரம்புக்குள் வந்தால், உங்கள் பங்கு 0.75 சதவீதம்தான். அதைப் பிடிக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் அதன் அருமை தெரியும்.

முதல் சம்பளம் கைக்கு வர நாற்பது நாள் வரை ஆகும். அதுவரை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் முன்பே ஒதுக்கி வையுங்கள். சேர்வதற்குப் பத்து நாள் முன்பிருந்தே வேலைக்குப் போகும் நேரத்தில் எழுந்து, குளித்து, வெளியே கிளம்பிப் பழகுங்கள். முதல் மூன்று வாரம் கால் வலிக்கும், சாயங்காலம் பேசவே தோன்றாது, இளையவர்கள் வேகமாகச் செய்வதைப் பார்த்து மனம் சோரும். அந்த மூன்று வாரத்துக்குள் வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவே கூடாது. தெரியாததைக் கேளுங்கள். உங்களைவிடச் சின்னவரிடம் "தம்பி, இதை ஒரு தடவை காட்டுப்பா" என்று கேட்பவர் சீக்கிரம் பழகிக்கொள்கிறார்.

பெண்களுக்குத் தொல்லை ஏதும் நேர்ந்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாத சிறிய இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கும் அழைக்கலாம்.

மூன்று மாதம் ஆனதும், சம்பளம் பேசிய தேதியை நினைவூட்டுங்கள். அந்த வேலை ஒத்துவராவிட்டால் சொல்லாமல் நின்றுவிடாமல், பதினைந்து நாள் முன்னால் சொல்லிவிட்டு, வேலை பார்த்த மாதங்களுக்குச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு விலகுங்கள். பி.எஃப். கணக்கில் விலகிய தேதி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மாதம் கழித்தும் ஏறவில்லையென்றால் உங்கள் யூஏஎன் வழியாக நீங்களே பதிவு செய்யலாம்.